தாத்தாவோட டிராக்டருக்கு ஏலத்துல பார்ட்ஸ் எடுக்கலாமா? ₹38,000 எப்படி ₹64,940 ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்!



தங்கம், மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமான டாபிக். பழைய டிராக்டர், அதோட பார்ட்ஸ், பழைய பேட்ஜ், கையேடு, விளம்பரத் தகடு மாதிரியான ஞாபகப் பொருட்களை ஏலத்துல எடுக்கிறது.

"நமக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்?"னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. உங்க விஷயம் பழைய புல்லட்டா இருக்கலாம், ஹெச்எம்டி வாட்ச்சா இருக்கலாம், வால்வு ரேடியோவா இருக்கலாம். எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

இது எங்க வீட்டுக் கதை. மாமா பையன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "பேர் மட்டும் வேண்டாம் மச்சான், மத்ததெல்லாம் எழுது. நாலு பேர் தப்பிச்சா சரி"ன்னு சொன்னான்.

வேப்பமரத்தடி மாஸி

எங்க அம்மா ஊர் அபிஷேகப்பாக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டுல வந்து தவளக்குப்பத்துல உள்ளே திரும்பினா வந்துடும். தாத்தா வீட்டுப் பின்னால, வேப்பமரத்தடியில ஒரு மாஸி ஃபெர்குசன் 1035 நிக்குது. தாத்தா இருந்த வரைக்கும் அது ஓடிச்சு. நடவு சீசன்ல கேஜ் வீல் மாட்டி சேறடிக்கும், மத்த நாள்ல டிரெய்லர் இழுக்கும். தாத்தா போனதுக்கு அப்புறம் மாமா வாடகை டிராக்டருக்கு மாறிட்டார். இது அப்படியே நின்னுடுச்சு. பேட்டரி போச்சு, டயர் வெடிச்சுது, பானட் மேல கோழி ஏறி உட்கார ஆரம்பிச்சுது.

காயலான் கடைக்காரர் ரெண்டு மூணு தடவை வந்து பார்த்துட்டுப் போனார். ஒன்றரை டன்னுக்கு மேல இரும்பு. ₹48,000 தர்றேன்னு சொன்னார். மாமா பதில் சொல்லலை. "பார்க்கலாம்"னு மட்டும் சொன்னார்.

மாமா பையன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். கையில வர்ற சம்பளம் ₹32,000. அவனுக்கு அந்த வண்டியை விற்க மனசில்லை. சின்ன வயசுல தாத்தா மடியில உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிச்சவன். ஒரு நாள் ராத்திரி போன்ல ஒரு ஆன்லைன் ஏலம் கண்ணுல பட்டுது. "பழைய டிராக்டர் உதிரிபாகங்கள், ஒரே லாட்". போட்டோவுல கிரில், ஸ்டீயரிங், ஹெட்லைட், டைனமோ, ஒரு டீசல் பம்ப் தெரிஞ்சுது. கூடவே, "பழைய டிராக்டர் சாமான்தான் அடுத்த தங்கம்"னு ஒரு ரீல்ஸும் பார்த்திருக்கான். ₹15,000-ல ஆரம்பிச்ச ஏலத்தை ₹38,000 வரைக்கும் கேட்டு எடுத்துட்டான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஏலத்துல நீங்க கேட்கிற தொகை வேற, கட்டுற தொகை வேற. அவன் கட்டினது இது:

ஏலத்தில் கேட்ட தொகை: ₹38,000
வாங்குபவர் கமிஷன் 10%: ₹3,800
இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 18%: ₹7,524
ஏலத்தாருக்குக் கட்டியது: ₹49,324
மினி லாரி வாடகை: ₹6,500
ஏத்துக்கூலி, இறக்குக்கூலி: ₹1,200

ஆக மொத்தம் ₹57,024. இதோட முடியலை. கையில பணம் இல்லாததால ஒரு ஆப்ல ₹50,000 பர்சனல் லோன் எடுத்தான். வருஷத்துக்கு 24% வட்டி, 12 மாசம். இஎம்ஐ ₹4,728. வட்டி மட்டும் ₹6,736. பிராசசிங் ஃபீஸ் ஜிஎஸ்டியோட ₹1,180.

எல்லாம் சேர்த்து ₹64,940. ஏலத்துல "போனா போகுது, ₹38,000 தானே"ன்னு நினைச்ச விஷயம், 70% கூடுதலா வந்து நிக்குது.

லாட் வந்து இறங்கினப்போ

ஊர்ல ஒரு டிராக்டர் மெக்கானிக் அண்ணன் இருக்கார். மாஸின்னா கண்ணை மூடிக்கிட்டே பிரிப்பார். அவர் வந்து பார்த்துட்டு அந்த டீசல் பம்பைக் கையில எடுத்தார்.

"தம்பி, இதுல எத்தனை வழி இருக்கு, எண்ணு."

"ரெண்டு அண்ணே."

"மாஸிக்கு எத்தனை சிலிண்டர்?"

"மூணு..."

"அப்புறம்?"

அது ஹெச்எம்டி 2511-க்கு உள்ள பம்ப். அந்த வண்டிக்கு ரெண்டு சிலிண்டர், 1035-க்கு மூணு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்புல இருந்து ஒரு டீசல் குழாய் போகணும். ஏலப் போட்டோவைப் பெரிசு பண்ணி எண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். எண்ணலை. ரேடியேட்டரும் வேற வண்டியோடது. டைனமோவுல காயில் எரிஞ்சு போயிருந்தது.

எங்க வண்டிக்கு ஆனது ஸ்டீயரிங், ஒரு ஜோடி ஹெட்லைட், முன்பக்க கிரில், பானட் மேல இருக்கிற பேட்ஜ். பேட்ஜைத் தவிர மத்தது எல்லாத்தையும் கடையில புதுசா வாங்கினாலே ₹6,800 தான் வரும்னு சொன்னார் அண்ணன்.

எது கடையில் கிடைக்கும், எது கிடைக்காது?

இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க. "பழசு" வேற, "அரிசு" வேற. ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க.

நம்ம நாட்டு டிராக்டர் வரலாற்றைச் சுருக்கமா பார்த்தா இது புரியும். 1959-ல ஃபரிதாபாத்ல ஐஷர் கம்பெனி உள்நாட்டு டிராக்டரைக் கொண்டு வந்தது. 1960-ல சென்னையில டாஃபே தொடங்கி, மாஸி ஃபெர்குசன் கூட்டுல டிராக்டர் செய்ய ஆரம்பிச்சுது. 1971-ல ஹெச்எம்டி, செக்கோஸ்லோவாக்கியாவோட ஜீட்டர் தொழில்நுட்பத்தோட பிஞ்சோர்ல இறங்கிச்சு. 1974-ல பஞ்சாப்ல ஸ்வராஜ் 724 வந்தது.

இதுல மாஸி 1035 பெயர்ல இன்னைக்கும் புது வண்டி ஷோரூம்ல விற்குது. அப்போ பெரும்பாலான ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். புதுசு, பில்லோட, மாத்திக்கிற வசதியோட. அதை எதுக்கு ஏலத்துல, துரு பிடிச்சு, "எங்கே எப்படி இருக்கோ அப்படியே"ங்கிற நிபந்தனையில வாங்கணும்?

ஹெச்எம்டி கதை வேற. பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூடுறதுக்கு மத்திய அமைச்சரவை 2016-ல ஒப்புதல் கொடுத்துடுச்சு. வண்டி வச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க, புது வண்டி வர்றதில்லை. அதனால அந்த ரெண்டு வழி பம்புக்கு ஒரு மதிப்பு இருந்தது. மெக்கானிக் அண்ணன் நாலு பேர்கிட்ட சொல்லி வச்சார். மூணு மாசம் கழிச்சு பாகூர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தார். அவரோட ஹெச்எம்டி பம்ப் இல்லாம நின்னுக்கிட்டு இருந்தது. பாகூர் ஏரிப் பாசனத்துல நடவு நெருங்கிற நேரம். பேரம் பேசாம ₹9,000 கொடுத்து எடுத்துட்டுப் போனார்.

இதுல பாடம் என்னன்னா, பழைய பார்ட்ஸுக்கு விலை இருக்கு. ஆனா அந்த விலையைக் கொடுக்கக்கூடிய ஒரே ஒரு ஆள் எங்கேயோ இருப்பார். அவர் வர்ற வரைக்கும் அது இரும்புதான். மியூச்சுவல் ஃபண்டை இன்னைக்கு வித்தா ரெண்டு மூணு நாள்ல பணம் அக்கவுண்ட்டுக்கு வரும். டீசல் பம்பை நினைச்ச நாள்ல விற்க முடியாது.

பணம் நிஜமா தேவைப்பட்ட நாள்

லாட் வந்த அடுத்த மாசம் அத்தைக்கு வயித்து வலி. பித்தப்பையில கல், உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. பில் ₹58,000.

இவன் சம்பளம் ₹21,000-க்கு மேல இருக்கிறதால இஎஸ்ஐ கிடையாது. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா சேர்க்கப்படலை. இதை அவன் ஆஸ்பத்திரி கவுண்ட்டர்ல நிக்கும்போதுதான் தெரிஞ்சுக்கிட்டான். அக்கவுண்ட்ல ₹6,000. இஎம்ஐ கட்ட வேண்டிய தேதி நாலு நாள்ல.

மாமா வீட்டுக்கு வந்து காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டார். "வண்டியை எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டார். மறுநாள் காலையில ஆளுங்க வர்றதா பேச்சு.

அத்தைக்கு இது தெரிஞ்சதும் ஆஸ்பத்திரி படுக்கையிலேயே கழுத்துச் செயினைக் கழட்டிக் கொடுத்தாங்க. "இதை வையுங்க. செயினைத் திருப்பிடலாம், அதை விட்டா திருப்ப முடியாது"ன்னு சொன்னாங்களாம். ₹55,000-க்கு அடகு வச்சாங்க. டிராக்டர் தப்பிச்சுது. செயினைத் திருப்ப ஏழு மாசம் ஆச்சு. அத்தை அந்த ஏழு மாசமும் ரெண்டு கல்யாணத்துக்கு மஞ்சள் கயித்தோட போனாங்க. அதைச் சொல்லும்போது இன்னைக்கும் அவன் குரல் மாறிடும்.

நான் அவனைத் திட்டலை. வண்டி மேல பாசம் வச்சது தப்பில்லை. எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம, கடன் வாங்கி, ஒரே ராத்திரியில முடிவெடுத்ததுதான் தப்பு.

கடைசிக் கணக்கு: பம்ப் ₹9,000. மிச்ச சாமான் 140 கிலோ, கிலோ ₹30-க்கு காயலான் கடையில ₹4,200. உபயோகமான சாமான் ₹6,800. ஆக ₹20,000 திரும்ப வந்ததா வச்சுக்கலாம். போனது ₹44,940. அவனோட ஒன்றரை மாசச் சம்பளத்தைத் தொடுற தொகை.

வெளிநாட்டுல லட்சக்கணக்குல போகுதே?

ஆமா, போகுது. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கத்துல செஃபின்ஸ் நடத்துற பழைய இயந்திர ஏலம் ரொம்பப் பிரபலம். டிராக்டர் மட்டுமில்லை, இரும்பு சீட்டு, எனாமல் விளம்பரத் தகடு, கையேடு, டூல் பாக்ஸ்னு எல்லாம் தனித்தனி லாட்டா போகும். அங்கே தலைமுறை தலைமுறையா சேகரிக்கிறவங்க, சங்கங்கள், கண்காட்சிகள் எல்லாம் இருக்கு. வாங்குறதுக்கு எப்பவும் பத்துப் பேர் நிப்பாங்க.

அங்கேயும் எல்லாமே தங்கம் இல்லை. நம்ம மாஸிக்கு மூதாதைன்னு சொல்லக்கூடிய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் 1946-லிருந்து 1956 வரை கோவென்ட்ரியில 5 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. எண்ணிக்கை அதிகமா இருக்கிற வண்டிக்கு, வயசு எவ்வளவு ஆனாலும் விலை ஒரு அளவுக்கு மேல ஏறாது. நல்ல நிலையில, ஒரிஜினலா, பேப்பரோட இருக்கிறதுக்குத்தான் விலை.

அங்கிருந்து ஒரு பேட்ஜோ கையேடோ வரவழைக்க ஆசைப்பட்டா, கமிஷன், கூரியர், சுங்கவரி, கார்டுல வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணம் எல்லாத்தையும் முதல்லயே கூட்டிடுங்க.

நம்ம ஊர்ல எங்கெல்லாம் கிடைக்கும்?

ஒண்ணு, கடன் கட்டாததால பறிமுதல் ஆன டிராக்டர்களை வங்கியும் நிதி நிறுவனங்களும் விடுற ஏலம். இதுல பெரும்பாலும் முழு வண்டிதான் வரும், அதுவும் கிட்டத்துல வாங்கின வண்டி. ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. அது ஒரு விவசாயி இழந்த வண்டி. பாக்கி ஏதாவது இருக்கா, என்ஓசி கிடைக்குமா, ஆர்சி கையில வருமான்னு கேட்காம கை வைக்காதீங்க.

ரெண்டு, அரசுத் துறைகள் கழிவு செய்யுற வாகனங்கள். எம்எஸ்டிசி மாதிரியான அரசு மின் ஏலத் தளத்துல வரும். ஆனா 15 வருஷம் தாண்டின அரசு வாகனங்கள் 2023 ஏப்ரல் 1-லிருந்து பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களுக்குத்தான் போகணும். "பழைய பஞ்சாயத்து டிராக்டரை ஏலத்துல எடுத்துத் தர்றேன்"னு யாராவது அட்வான்ஸ் கேட்டா உஷாரா இருங்க.

மூணு, சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் மார்க்கெட், உங்க ஊர் காயலான் கடை, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட். கையில எடுத்துப் பார்த்து வாங்கலாம், கமிஷன் இல்லை. ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது.

ஏலம் கேட்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

1. மேல் வரம்பைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. உங்களால மொத்தமா ₹25,000 தான் முடியும்னா, போக்குவரத்துக்கு ₹5,000 கழிச்சிடுங்க. மீதி ₹20,000. கமிஷன் 10%, வரி 18%னா அதை 1.298-ஆல வகுங்க. ₹15,400 வரும். அதுக்கு மேல ஒரு ரூபா கேட்கக்கூடாது. பேப்பர்ல எழுதி போன் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க.

2. போட்டோவை மெக்கானிக்கிட்ட காட்டுங்க. வார்ப்புல இருக்கிற பார்ட் நம்பர், பம்ப் தகட்டுல உள்ள நம்பர், எத்தனை வழி, எத்தனை போல்ட் ஓட்டைன்னு அவர் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார். டீ வாங்கிக் கொடுத்தா போதும்.

3. முதல்ல கடை விலை கேளுங்க. புதுசு கிடைக்கிற பார்ட்டை ஏலத்துல எடுக்காதீங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கும், டிராக்டர் பார்ட்ஸ் பலதுக்கும் ஜிஎஸ்டி 5% ஆகியிருக்கு. புதுசு இன்னும் மலிவு.

4. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் உள்ள சாமானுக்குப் பில் கட்டாயம். நம்பர் ராவியிருந்தா தொடவே தொடாதீங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, சந்தேகப்பட காரணம் இருந்தோ வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவுல குற்றம்.

5. ஆர்சியை முதல்ல சரி பண்ணுங்க. இறந்தவர் பேர்ல வண்டி இருந்தா, வாரிசு படிவம் 31-ல மூணு மாசத்துக்குள்ள பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். பெயர் மாறாத வண்டிக்கு எவ்வளவு செலவு பண்ணினாலும் சட்டப்படி அது உங்க வண்டி இல்லை.

6. "வின்டேஜ்"ங்கிற வார்த்தைக்கு மயங்காதீங்க. 2021-ல வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேல ஆன வாகனத்துக்குத்தான் வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக் கட்டணம் ₹20,000. அந்தப் பதிவுல இருக்கிற வண்டியைத் தினசரி ரோட்டுல ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி மாதிரியான விஷயத்துக்குத்தான்.

வித்து லாபம் வந்தா வரி உண்டா?

"சொந்த உபயோகப் பொருள்தானே, வரி இல்லை"ன்னு பலர் நினைக்கிறாங்க. இதுல 2025-ல பாம்பே உயர் நீதிமன்றத்தோட ஒரு தீர்ப்பு முக்கியம். ஒருத்தர் 1931 மாடல் ஃபோர்டு காரை 1983-ல ₹20,000-க்கு வாங்கி, பிறகு ₹21 லட்சத்துக்கு வித்தார். சொந்த உபயோகப் பொருள்னு வரிவிலக்குக் கேட்டார். உபயோகிக்க முடியும்ங்கிறது மட்டும் போதாது, நிஜமாவே சொந்தத்துக்கு உபயோகிச்சதை நிரூபிக்கணும்னு சொல்லி, கோர்ட் விலக்குத் தரலை.

அதனால வாங்கின பில், ரிப்பேர் பில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வையுங்க. அடிக்கடி வாங்கி வித்தா அது தொழில் வருமானம், ஐடிஆர்-1 படிவம் செல்லாது. சம்பளக்காரங்க பலர் இதைக் கவனிக்கிறதில்லை.

அப்போ ஆசையே படக்கூடாதா?

படலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். ரெண்டாவது, அப்பா அம்மாவையும் சேர்த்து ஹெல்த் இன்சூரன்ஸ். உங்க கம்பெனி பாலிசியில யார் யார் இருக்காங்கன்னு இன்னைக்கே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. மூணாவது, டேர்ம் இன்சூரன்ஸும் எஸ்ஐபியும். நாலாவதா ஒரு தனி ஆர்டி போடுங்க, அதுக்கு உங்க ஆசையோட பேரை வையுங்க.

மாசம் ₹3,000 போட்டா 18 மாசத்துல ₹54,000, வட்டி தனி. அவன் ஏலத்துக்கும் லாரிக்கும் செலவழிச்ச ₹57,024-க்குக் கிட்டத்தட்ட வந்துடும். இஎம்ஐயா கட்டின ₹4,728-ஐ விட மாசத்துக்கு ₹1,728 கம்மி.

அவன் கடைசியில அதைத்தான் பண்ணினான். லோன் முடிஞ்சது, செயின் திரும்பிச்சு, அப்பா அம்மாவுக்கு பாலிசி எடுத்தான். அப்புறம்தான் "தாத்தா வண்டி"ன்னு ஒரு ஆர்டி. பழைய பம்பை சர்வீஸ் பண்ணி, நாசில், பேட்டரி, முன் டயர், ஹோஸ் எல்லாம் கடையில புதுசா வாங்கிப் போட்டான். மொத்தம் ₹41,000. ஏலமும் இல்லை, கடனும் இல்லை.

இந்தப் பொங்கலுக்கு நான் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலையில மெக்கானிக் அண்ணன் வந்து டீசல்ல காத்து எடுத்துவிட்டார். மூணாவது முயற்சியில வண்டி பிடிச்சுக்கிச்சு. மாமா ஒண்ணும் பேசலை. துண்டால சீட்டைத் துடைச்சுட்டு ஏறி உட்கார்ந்தார். அத்தை கழுத்துல செயினோட வந்து ஏலத்துல வந்த அந்தப் பேட்ஜுக்கு மஞ்சள் குங்குமம் வச்சாங்க.

அந்த வண்டியை இன்னைக்கு வித்தா போட்ட காசு வராது. அதனால அவன் அதை முதலீட்டுக் கணக்குல எழுதலை, செலவுக் கணக்குல எழுதி வச்சிருக்கான். நீங்களும் அப்படியே எழுதுங்க. செலவுன்னு தெரிஞ்சு, கையில இருக்கிற காசுல செய்யற வரைக்கும் எந்த ஆசையும் உங்க குடும்பத்தைக் கஷ்டப்படுத்தாது.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. உங்க ஹெல்த் பாலிசியை எடுத்து, அதுல அப்பா அம்மா பேர் இருக்கான்னு பாருங்க. ஏலம் அடுத்த மாசமும் வரும்.